தன் கையிற் குற்றம் கண்ட மருத்துவர்

எங்கள் கல்லூரியிற் பயிலும் மாணவன் ஒருவன், யாப்பருங்கலக்காரிகைப் பாடம் நடந்துகொண்டிருந்த வேளையில், காரிகையின் கீழே பிறிதொரு புத்தகத்தை விரித்து வைத்து அதனுள் ஆழ்ந்திருந்தான். யான் அருகிற் சென்று நின்றதையும் அவன் அறிந்திலன். வெண்பாவின் இலக்கணம் ஒருநாளும் அவனிடத்து அத்துணை ஈடுபாட்டைப் பெற்றதில்லை. நூலை வாங்கிப் பார்த்தேன். வைத்தியசாலையொன்றை நிலைக்களனாகக் கொண்ட ஆங்கில மர்ம நவீனம் அது. மாலையிலே திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி மேசைமேல் வைத்தவன், மறதியால் வீட்டுக்குக் கொண்டுசென்றேன். இரவு உணவின் பின்னர், இதில் அப்படி என்னதான் இருக்கின்றது என்று புரட்டத் தொடங்கினேன். ஈற்றுப் பக்கத்தை முடித்து நிமிர்ந்தபோது சேவல் கூவிவிட்டது. அம்மாணவனைக் கண்டிக்குந் தகுதியை அவ்விரவோடு இழந்துவிட்டேன் என்பதை மறைப்பதிற் பயனில்லை.

மறுநாள் நூலைத் திருப்பிக் கொடுத்தபோது, இத்தகைய கதைகள் நம் மனத்தை ஏன் இவ்வாறு பற்றிக்கொள்ளுகின்றன என்று அவனை வினவினேன். அவன் விடை கூறாது நாணி நின்றான். ஆகவே யானே அவனுக்கு விடையாக ஒரு பெரியாரின் சரிதத்தைச் சொன்னேன். கற்பனைக் கதை எதனினும் திகில் மிக்கதும், முற்றும் உண்மையாய் நிகழ்ந்ததுமாகிய அச்சரிதத்தையே ஈண்டு விரித்தெழுதுகின்றேன்.

அதற்கு முன்னர் அச்சம் என்னும் மெய்ப்பாட்டைப் பற்றிச் சிறிது எண்ணுதல் வேண்டும். அச்சம் பிறக்கும் களன்களை நான்கென வகுத்தார் ஆசிரியர் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. பேய்க்கதைகள் முதலாவதன்பாற் படும். வேட்டைக் கதைகள் இரண்டாவதன்பாற் படும். துப்பறியும் கதைகளிற் பெரும்பாலன மூன்றாவதன்பாற் படும். வைத்தியசாலையிலே பேயுமில்லை, புலியுமில்லை, சுவரிற் கன்னமிடுங் கள்வனும் இல்லை. ஆயினும் அங்கு நிகழுங் கதை நம்மை நடுங்கச் செய்கின்றது. காரணம் யாது? அது நான்காவது களனாகிய தம் இறையிடத்துப் பிறக்கும் அச்சம். கட்டிலிற் கிடக்கும் நோயாளிக்கு வைத்தியரே இறை. அவர் உண்ணென்றதை உண்கின்றோம். அவர் மயக்க மருந்து தரும்போது கண்களை மூடிக்கொள்ளுகின்றோம். கத்தியை ஏந்திய ஒருவர்முன் மனமுவந்து கழுத்தைக் காட்டி உறங்கும் இடம் உலகில் அது ஒன்றே. காக்கவேண்டிய கையே கொல்லுமாயின் எங்கே ஓடுவது, யாரிடம் முறையிடுவது?

இந்த அச்சத்தைத் தொட்டமையாலேயே, கண் வைத்தியராகிய ரொபின் குக் என்னும் அமெரிக்கர் 1977இல் எழுதிய கோமா என்னும் நவீனம் பெரும்புகழ் பெற்றது. சிறு சத்திரசிகிச்சைக்காக வந்த உடல்நலமுடையோர் மீளா மயக்கத்தில் வீழ்கின்றனர். அதன் காரணத்தை மருத்துவ மாணவி ஒருத்தி ஆராயப் புகுகின்றாள். வைத்தியப் பயிற்சி பெற்ற எழுத்தாளராகிய மைக்கேல் கிறைற்றன் அடுத்த ஆண்டிலே அதனைத் திரைப்படமாக்கினார். அதன் பின்னர் இவ்வகை நவீனங்கள் பல்கிப் பெருகின. ஆயின், குக் பிறப்பதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, வியன்னா நகரத்து வைத்தியசாலையொன்றில் இக்கதை உண்மையிலேயே நிகழ்ந்தது. அதில் துப்பறிந்தவர் இக்னாஸ் பிலிப் செம்மல்வைஸ் என்பவர். அவர் பெயரைத் தமிழில் எழுதும்போது செம்மல் என்னுஞ் சொல் தானே வந்தமைவது ஒரு தற்செயலேயாயினும், பொருத்தமற்றதன்று.

செம்மல்வைஸ் 1818ஆம் ஆண்டு யூலை மாதம் 1ஆந் திகதி, அங்கேரி நாட்டிலே, தன்யூப் நதிக்கரையிலுள்ள பூடா நகரிற் பிறந்தார். இன்று புடாபெஸ்ட் என வழங்கும் மாநகரின் ஒரு பாதியே அது. தந்தையார் பலசரக்கு வணிகர். பத்துப் பிள்ளைகளுள் இவர் ஐந்தாமவர். 1837இற் சட்டம் பயிலும் பொருட்டு வியன்னாப் பல்கலைக்கழகம் புகுந்தவர், அடுத்த ஆண்டிலேயே சட்டத்தைக் கைவிட்டு மருத்துவத்தை மேற்கொண்டார். 1844இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அக்காலத்து வியன்னா, மருத்துவக் கல்வியில் ஐரோப்பாவுக்கே தலைமை தாங்கியது. உடலைப் பிளந்து நோயின் சுவட்டைக் காணும் கலையில் வல்ல ரொக்கித்தான்ஸ்கி, நெஞ்சொலி கேட்டு நோயறிவதில் வல்ல ஸ்கோடா, தோல் நோய் நிபுணராகிய ஹெப்ரா முதலிய பேரறிஞர்கள் அங்கே கற்பித்தனர். இவர்கள் மூவரும் செம்மல்வைசிடத்து அன்புடையராயிருந்தனர். இறந்தோர் உடலை ஆராய்வதே மெய்யறிவுக்கு வழி என்பது அக்கல்விக்கூடத்தின் பெருங் கொள்கை. அக்கொள்கையை இவர் முழுமனத்தோடு பற்றினார். அதுவே பின்னர் இவருக்குப் பெருந்துயரமாய் விளைந்தது.

1846ஆம் ஆண்டு யூலை மாதத்தில், வியன்னாப் பொது வைத்தியசாலையின் முதலாம் பிரசவப் பிரிவிலே, பேராசிரியர் குளைன் என்பவரின் உதவியாளராக இவர் நியமிக்கப்பெற்றார். அப்போது அவருக்கு வயது 28.

அவ்வைத்தியசாலையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. 1840ஆம் ஆண்டின் கட்டளைப்படி, மருத்துவ மாணவர்கள் முதலாம் பிரிவிலும் மருத்துவிச்சிகள் இரண்டாம் பிரிவிலும் பயிற்சி பெற்றனர். பிரசவத்துக்கு வரும் பெண்கள் ஒருநாள் ஒரு பிரிவிலும் மறுநாள் மற்றப் பிரிவிலும் என மாறி மாறிச் சேர்க்கப்பட்டனர். எந்தப் பிரிவிற் சேர்வது என்பதை வந்த நாளே தீர்மானித்தது. வந்தவர்களோ பெரும்பாலும் ஏழைகள். கைவிடப்பட்டோரும் கணவனில்லாதோரும் அவர்களுட் பலர். மாணவர் பயிற்சிக்குத் தம் உடலைக் காட்டுவதற்கு ஈடாக, இலவசப் பராமரிப்பும் பிள்ளையை வளர்க்க ஓர் ஏற்பாடும் அவர்களுக்குக் கிடைத்தன.

இங்கேதான் மர்மம் தொடங்குகின்றது. பிரசவித்த ஓரிரு நாளிற் குளிர் காணும். பின்னர் உடல் கொதிக்கும். வயிறு வீங்கும். நோவு பொறுக்கலாற்றாது தாய் கதறுவாள். சில நாளில் உயிர் நீங்கும். பிரசவ சுரம் என்னும் இக்கொடிய நோய் இரு பிரிவுகளிலும் இருந்தது. ஆனாற் சமமாயிருக்கவில்லை. 1846ஆம் ஆண்டில் முதலாம் பிரிவிலே 4,010 பிரசவங்களில் 459 தாய்மார் மாண்டனர். இரண்டாம் பிரிவிலே 3,754 பிரசவங்களில் மாண்டோர் 105 பேர். அஃதாவது, ஒரே கூரையின் கீழே, ஒரு கதவுக்கு இப்பால் நூற்றுக்குப் பதினொருவர்; அப்பால் நூற்றுக்கு மூவர். கற்றறிந்த வைத்தியர்கள் உள்ள இடத்திலே சாவு நான்கு மடங்கு.

இது மறைபொருளன்று. நகரத்துப் பெண்கள் யாவரும் அறிந்திருந்தனர். முதலாம் பிரிவுக்குரிய நாளில் வந்துவிட்டோம் என அறிந்த கர்ப்பிணிகள், முழந்தாளில் வீழ்ந்து, தம்மை இரண்டாம் பிரிவுக்கு அனுப்புமாறு கைகூப்பி இரந்தனர். சிலர் வீதியிலே பிள்ளையைப் பெற்றுக்கொண்டு, வரும் வழியிற் பிறந்ததெனக் கூறி வந்து சேர்ந்தனர். வியப்பு யாதெனின், எவர் துணையுமின்றி வீதியிற் பெற்றவர்களுக்கு இந்நோய் அரிதாகவே வந்தது. தெருப்புழுதி காத்தது, வைத்தியசாலை கொன்றது. செம்மல்வைசின் உள்ளத்தை இவ்வுண்மை அல்லும் பகலும் அரித்தது.

நோயை அறிந்து, அதன் முதற்காரணத்தை அறிந்து, அது தணியும் வழியை அறிதலே மருத்துவன் கடன் என வள்ளுவர் வகுத்த முறையை நாம் நன்கு அறிவோம். இரண்டாம் படியிலே, அஃதாவது நோய்முதல் நாடுவதிலே, மருத்துவ உலகம் அன்று தவறியிருந்தது. வானிலும் நிலத்திலும் உலவும் ஏதோ ஒரு நச்சுக்காற்றே காரணம் என்றனர் பெரியோர். அங்ஙனமாயின் அக்காற்று ஒரு பிரிவை மாத்திரம் ஏன் தேடி வருகின்றது எனக் கேட்டார் இவ்விளைஞர். கூட்ட நெரிசலே காரணம் என்றனர் சிலர். பெண்கள் அஞ்சி ஓடியமையால், நெரிசல் மிகுந்திருந்தது இரண்டாம் பிரிவிலேயே. சாகுந் தறுவாயில் உள்ளார்க்கு அருளுரை கூற வரும் பாதிரியாரின் மணியோசை, வாட்டுக்களின் ஊடே ஒலித்து, மற்றப் பெண்களை அச்சுறுத்திக் கொல்லுகின்றது என்றும் ஒரு கருத்து எழுந்தது. செம்மல்வைஸ் பாதிரியாரை வேண்டி, மணியில்லாமல் வேறு வழியால் வரச் செய்தார். சாவு குறையவில்லை. இரண்டாம் பிரிவிலே பெண்களைப் பக்கவாட்டிற் கிடத்திப் பிரசவம் பார்த்தனர். முதலாம் பிரிவிலும் அவ்வாறே செய்வித்தார். சாவு குறையவில்லை. துப்பறிவோன் ஐயத்துக்குரியோரை ஒவ்வொருவராக விலக்குதல்போல, இவரும் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கினார். ஈற்றில் எஞ்சியது ஒன்றுமில்லை.

பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது பிறிதொரு செய்தி புலனாயிற்று. குளைனுக்கு முன் அப்பிரிவை நடத்திய போவர் என்பவர், மாணவர்கள் பிணத்தின்மேற் பிரசவப் பயிற்சி பெறுவதை விரும்பாதவர். அவர் காலத்து ஈற்றாண்டாகிய 1822இல், மாண்டோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. குளைன் பொறுப்பேற்று அப்பயிற்சி புகுந்த 1823இல் அது நூற்றுக்கு ஏழுக்கு மேல் உயர்ந்தது. எண்கள் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தன. ஆயின் அவற்றின் மொழியை அறிந்தார் ஒருவரும் இலர்.

1847ஆம் ஆண்டு மார்ச் மாதம், சோர்வு நீங்க வெனிஸ் நகரஞ் சென்று மீண்ட செம்மல்வைசுக்கு ஒரு துயரச் செய்தி காத்திருந்தது. அவருடைய நண்பரும் சட்ட மருத்துவப் பேராசிரியருமாகிய கொல்லெச்கா இறந்துவிட்டார். பிரேத பரிசோதனை ஒன்றின்போது மாணவன் ஒருவனின் கத்தி அவருடைய விரலிற் பட்டுவிட்டது. அச்சிறு காயத்தாற் காய்ச்சல் கண்டு மாண்டார். அவருடைய உடலை ஆராய்ந்த அறிக்கையைச் செம்மல்வைஸ் வாசித்தார். நண்பரைப் பிரிந்த துயரத்தினிடையே அவர் திடுக்குற்றார். அவ்வறிக்கையில் விவரிக்கப்பட்டிருந்தவை யாவும், பிரசவ சுரத்தால் மாண்ட தாய்மார் உடலில் அவர் தினந்தோறும் கண்ட அடையாளங்களே. கொல்லெச்கா பிரசவித்தவரல்லர். ஆயினும் அவரைக் கொன்றதும் தாய்மாரைக் கொன்றதும் ஒரே நோய். கத்தி வழியாகப் பிணத்தின் நச்சுப்பொருள் அவர் குருதியிற் புகுந்தது. அவ்வாறாயின், தாய்மார் உடலுள் அதனைப் புகுத்திய கத்தி எது?

விடை அவர் கண்முன்னே இருந்தது. அன்று, அவருடைய மணிக்கட்டின் முனையிலே இருந்தது. ஒவ்வொரு நாட் காலையிலும் வைத்தியரும் மாணவரும் பிரேத அறையிற் பிணங்களைப் பிளந்து ஆராய்ந்தனர். பின்னர்ப் பெயரளவிற் கைகழுவி, பிணத்தின் நாற்றம் விரலை விட்டு நீங்குமுன்னரே, பிரசவ வாட்டுக்குட் புகுந்து தாய்மாரைப் பரிசோதித்தனர். மருத்துவிச்சிகள் பிரேத அறைக்குச் செல்வதில்லை. அதனால் இரண்டாம் பிரிவிலே சாவு குறைவு. வீதியிற் பெற்றவளை எவரும் கைவிட்டுச் சோதிப்பதில்லை. அதனால் அவள் பிழைத்தாள். எல்லா முடிச்சுக்களும் ஒருங்கே அவிழ்ந்தன.

மர்மக் கதையை வாசிப்போர் பெறும் இன்பம், முடிச்சு அவிழும் இக்கணத்திலேயே உள்ளது. ஆயின் செம்மல்வைசுக்கு அக்கணம் இன்பமாயிருக்கவில்லை. நோயின் காரணத்தைக் காணும் ஆவலால், எல்லாரினும் மிகுதியாகப் பிரேத அறையிற் காலங்கழித்தவர் அவரே. அவர் பணியிலில்லாத மாதங்களிற் சாவு குறைந்ததையும், மீண்டபின் ஏறியதையும் பதிவேடு காட்டிற்று. மீண்ட மறுமாதமாகிய ஏப்பிரலிலே நூற்றுக்குப் பதினெண்மர் மாண்டிருந்தனர். கொலைஞனைத் தேடி வீடெங்கும் விளக்கேந்தி அலைந்த ஒருவன், ஈற்றிலே கண்ணாடியின்முன் வந்து நின்றாற்போல ஆயிற்று. தம்மால் எத்தனை பெண்கள் காலமுன்னே புதைகுழி சேர்ந்தனர் என்பதை இறைவன் ஒருவனே அறிவான் என்று, பிற்காலத்தில் தம் நூலிலே அவர் மனந்திறந்து எழுதினார்.

சிலப்பதிகாரத்தைக் கற்றோர் இவ்விடத்திலே பாண்டியன் நெடுஞ்செழியனை நினையாதிரார். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த அக்கணத்தில், கள்வனைத் தண்டித்ததாக எண்ணியிருந்த அரசன், கள்வன் தானே என உணர்ந்தான். அவன் ஒரு கொடுங்கோலனல்லன். ஆராயாது ஒரு சொற் சொன்னான், அவ்வளவே. காக்கவேண்டிய இறை கொன்றுவிட்டான் என்பதை அறிந்தபோது அவன் உயிர் தரித்திலன். செம்மல்வைஸ் எதிர்கொண்டதும் அத்தகைய உடைந்த சிலம்பையே. ஆயின் அவர் வேறொரு வழியை மேற்கொண்டார். இறந்தோரை மீட்கலாகாது, இனி வருவோரைக் காக்கலாம் எனத் துணிந்தார்.

1847 மே மாத நடுவிலே, வாட்டுக்குட் புகும் ஒவ்வொருவரும் குளோரின் கரைசலிலே கைகளை நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும் என விதித்தார். பின்னர், செலவு கருதி, அதே இனத்ததாகிய குளோரினேற்றிய சுண்ணாம்புக் கரைசலைப் பயன்படுத்தினார். நம் ஊர்களிற் கிணற்று நீரைத் தூய்மைசெய்ய இடுகின்ற தூளும் இவ்வினத்ததே. கிருமிகளைப் பற்றி அவர் ஒன்றும் அறியார். பிண நாற்றத்தைப் போக்குவது நச்சையும் போக்கும் என்று கருதினார். பயன் உடனே தெரிந்தது. யூன் மாதத்திலே சாவு நூற்றுக்கு இரண்டளவாயிற்று. யூலையில் ஒன்றளவாயிற்று. 1848ஆம் ஆண்டு முழுவதிலும் 3,556 பிரசவங்களில் மாண்டோர் 45 பேரே. அவ்வாண்டின் மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் ஒரு தாயும் இந்நோயால் மாளவில்லை.

இடையிலே ஒரு பின்னடைவும் நேர்ந்தது. 1847 ஒக்ரோபரில், கருப்பைப் புற்றுநோயாற் சீழ் வடிந்த பெண்ணொருத்தி முதற் கட்டிலிற் கிடத்தப்பட்டாள். அவளைச் சோதித்த கைகளை உரியவாறு கழுவாது அடுத்தவர்களைச் சோதித்தனர். பன்னிருவருட் பதினொருவர் மாண்டனர். நச்சுப்பொருள் பிணத்திலிருந்து மாத்திரமன்றி, உயிருள்ள உடலிலிருந்தும் பரவும் என்பதை அதனால் உணர்ந்தார். ஒவ்வொரு நோயாளியைச் சோதித்த பின்னரும் கைகழுவுதல் வேண்டுமென விதியை இறுக்கினார்.

இத்துணைத் தெளிவான வெற்றியை உலகம் மாலையிட்டு வரவேற்றிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். நடந்தது வேறு. ஹெப்ரா இக்கண்டுபிடிப்பை அம்மைப்பால் கண்ட ஜென்னரின் தொண்டுக்கு ஒப்பிட்டு எழுதினார். ஸ்கோடாவும் ரொக்கித்தான்ஸ்கியும் துணைநின்றனர். ஆயின் குளைனும் அவரைச் சார்ந்தோரும் முகங்கொடுத்திலர். கனவான்களின் கைகள் அழுக்குடையன என்று ஓர் இளைஞன் சொல்வதா எனச் சிலர் வெகுண்டனர். 1848இற் பேரரசெங்கும் புரட்சி எழுந்தது; அங்கேரி நாடும் கிளர்ந்தது. அக்காலச் சூழல் அங்கேரியராகிய இவருக்கு உதவவில்லை. 1849 மார்ச் மாதத்தில் பதவிக்காலம் முடிந்தபோது அது நீட்டப்படவில்லை. மீண்டும் முயன்றதன் பயனாக 1850இல் விரிவுரையாளர் பதவி ஒன்று கிடைத்தது. ஆயின் பொம்மையுடலை வைத்தே கற்பிக்கலாம் என்ற வரையறையோடு அது வந்தது. அதனை அவமதிப்பாகக் கருதியவர், ஆதரித்த நண்பர்களிடமும் விடைபெறாது வியன்னாவை விட்டு நீங்கினார். அந்நண்பர்களின் மனம் இதனாற் புண்பட்டது.

வைத்தியர்கள் இவ்வுண்மையை மறுத்ததன் காரணம் அறியாமை மாத்திரமன்று. ஏற்பதன் விலை மிகப் பெரிது. காற்றிலே குற்றம் என்றால் எவர்க்கும் பழியில்லை. கையிலே குற்றம் என்றாலோ, இருபதாண்டு தொழில்செய்த ஒருவர், தம்மை நம்பி வந்து மாண்ட ஒவ்வொரு தாயின் முகத்தையும் நினைவுகூர்தல் வேண்டும். கீல் நகரத்துப் பேராசிரியராகிய மிக்காயெலிஸ் இவ்வுண்மையை நேர்மையோடு ஏற்றார். தம் வைத்தியசாலையிற் கைகழுவும் விதியைப் புகுத்திப் பயனுங் கண்டார். ஆயின் தாம் பிரசவம் பார்த்த தம் உறவினளாகிய பெண்ணொருத்தி முன்னர் இந்நோயால் மாண்டமை அவர் நெஞ்சை விட்டகலவில்லை. 1848இல் அவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். பாண்டியன் அரியணையில் வீழ்ந்ததற்கு இஃது ஒத்ததே. ஏனையோர் சிலம்பு உடைந்ததையே காணாதவர்போற் கண்களை மூடிக்கொண்டனர்.

தாயகம் மீண்ட செம்மல்வைஸ், பெஸ்ட் நகரத்துப் புனித ரோக்கஸ் வைத்தியசாலையின் பிரசவப் பகுதியை 1851இல் ஊதியமின்றிப் பொறுப்பேற்றார். ஆறாண்டுகளில் 933 பிரசவங்களில் இந்நோயால் மாண்டோர் எண்மரே. 1855இற் பெஸ்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரானார். 1857இல் மரியா என்னும் நங்கையை மணந்தார். பிள்ளைகள் ஐவர் பிறந்தனர்; அவர்களுள் இருவர் குழந்தைப் பருவத்திலே மாண்டனர்.

சரிதமெழுதுவோன் புகழ்ச்சியொன்றையே கூறுதல் முறையன்று. செம்மல்வைசிடத்துங் குறையுண்டு. கண்டதைக் கண்டவுடன் எழுதாது பத்தாண்டுகளுக்கு மேல் வாளாவிருந்தார். நண்பர்களே அவர் பொருட்டு எழுதினர். அவர்களும் சிலவிடத்து அவர் கருத்தைப் பிழைபட உரைத்தனர். 1860இல் வெளிவந்த அவருடைய நூலோ மிக நீண்டது. கூறியது கூறலும் மாற்றாரைச் சாடலும் மலிந்தது. அதற்கும் ஏற்பில்லாதபோது, 1861 முதல் ஐரோப்பியப் பேராசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் வரைந்தார். கைகழுவ மறுப்போரைக் கொலைஞரென்றே அவற்றில் அழைத்தார். சொல் உண்மையே. ஆயின் உண்மையைச் சொல்லும் வகையினால் அதனைத் தோற்கச் செய்தலும் கூடும் என்பதற்கு அக்கடிதங்கள் சான்று. மற்றொரு வகையில் நோக்கின், ஒவ்வொரு நாளும் தாய்மார் காரணமின்றி மாளுகின்றனர் என்பதை அறிந்த ஒருவர் இன்சொல் தேர்ந்து பேசியிருத்தல் வேண்டுமென எதிர்பார்ப்பதும் எளிதன்று.

நாளடைவில் அவருடைய மனம் தளர்ந்து நிலைகுலைந்தது. 1865 யூலை 30ஆந் திகதி, பழைய நண்பராகிய ஹெப்ராவே, தம் புதிய மருத்துவமனையைக் காட்டுவதாகச் சொல்லி அவரை வியன்னாவின் மனநோயாளர் விடுதிக்கு அழைத்துச் சென்று அங்கே விட்டுவந்தார். ஏமாற்றத்தை உணர்ந்து வெளியேற முயன்றபோது, காவலாளர் அவரைக் கடுமையாகத் தாக்கினர் என்பதைப் பிற்காலத்தில் வெளிவந்த ஆவணங்கள் புலப்படுத்துகின்றன. இருளறையில் அடைக்கப்பட்டார். வலக்கையிற் காயம் அழுகிற்று. நஞ்சு குருதியிற் கலந்தது. ஆகஸ்ட் 13ஆந் திகதி, 47ஆம் வயதில் உயிர் நீத்தார். எந்நோயைத் தாய்மாரிடமிருந்து விரட்டினாரோ, எந்நோயாற் கொல்லெச்கா மாண்டாரோ, அதே இனத்து நோய்க்குத் தாமும் இரையானார். அதுவும் வைத்தியசாலையொன்றின் உள்ளேயே, காக்கவேண்டியோர் கையாலேயே. நவீனாசிரியன் இத்தகைய முடிவைக் கற்பித்திருப்பானாயின், மிகைபடக் கூறினான் என்று நாம் இகழ்ந்திருப்போம்.

அவர் மாண்டதற்கு முதல்நாள், ஆகஸ்ட் 12ஆந் திகதி, ஸ்கொத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிலே, ஜோசப் லிஸ்ரர் என்னுஞ் சத்திரசிகிச்சை நிபுணர், கால்முறிந்த சிறுவனொருவனின் காயத்துக்குக் காபோலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டினார். காயம் அழுகாது ஆறிற்று. அழுகலைத் தடுக்கும் புதிய சத்திரசிகிச்சை முறை அதிலிருந்தே வளர்ந்தது. 1879இல், பாரிஸ் நகரிற் கற்றோர் கூடிய அவையிலே, லூயி பாஸ்ரர் பிரசவ சுரத்தை விளைக்கும் கிருமியின் வடிவைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். மறைந்திருந்த கொலைஞனின் உருவம் அன்றே வெளிப்பட்டது. அது சங்கிலிபோற் கோத்த நுண்ணுயிர். செம்மல்வைசின் கருத்து மெய்யென உலகம் ஒப்பிற்று. 1891இல் அவருடைய எலும்புகள் வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பெற்றன. 1964இல் அவர் பிறந்த இல்லத்திலேயே வைக்கப்பெற்றன. அவ்வில்லம் இன்று மருத்துவ வரலாற்று அரும்பொருட்சாலை. அவர் கற்பித்த மருத்துவக் கூடம் 1969 முதல் அவர் பெயரைத் தாங்குகின்றது. மோட்டன் தொம்சன் என்னும் அமெரிக்கர் 1949இல் இச்சரிதத்தைப் பெரியதொரு நவீனமாக இயற்றினார். 2020இற் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தபோது, கைகழுவுக என்ற அறிவிப்பு நம் கடைவாயில்கள்தோறும் பாடசாலைகள்தோறும் தொங்கியதை நாம் யாவரும் கண்டோம். அவ்வறிவிப்புக்குப் பின்னே இம்மனிதரின் கண்ணீர் உண்டென்பதை அறிந்தோர் சிலரே.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு மீள்வோம். வைத்தியசாலை மர்ம நவீனங்கள் நம்மைப் பற்றிக்கொள்வது ஏன்? காக்குங் கை கொல்லுமோ என்னும் அச்சம் நம் உள்ளத்தின் அடியிலே கிடக்கின்றது. அந்நவீனங்கள் அதனைத் தட்டியெழுப்புகின்றன. பின்னர் ஈற்றதிகாரத்திலே ஒரு தீயவனைப் பிடித்துக் காட்டி அதனை உறங்கவும் வைக்கின்றன. குற்றம் அவனோடு சிறைசெல்லுகின்றது. நாம் நூலை மூடி நிம்மதியாக விளக்கணைக்கின்றோம். செம்மல்வைசின் சரிதம் அந்நிம்மதியைத் தருவதில்லை. அங்கே தீயவன் ஒருவனும் இல்லை. நல்லெண்ணமும் கல்வியும் உழைப்பும் உடையவர்களே கொன்றனர்; கொல்லுகின்றோம் என அறியாது கொன்றனர். அறிந்தபின்னும் அறிய மறுத்தனர் சிலர். அறிந்ததும் கையைக் கழுவினார் ஒருவர். நல்லவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு குற்றமின்மையில் இல்லை. சுட்டியபோது தம் கையைத் தாமே திருப்பிப் பார்ப்பதிலே உள்ளது.

இத்துணையும் கேட்டிருந்த அம்மாணவன், தன் நூலை வாங்கிக்கொண்டு வணங்கிச் சென்றான். அவன் சென்றபின், யான் நெடுநேரம் தனித்திருந்தேன். மாணவனுக்கு ஆசிரியனும் ஓர் இறையே. காரிகைப் பாடத்தின் நடுவே அவன் வேறு நூலை விரித்தமைக்கு அவனுடைய சிரத்தையின்மையே காரணம் என்று முப்பதாண்டுகளாகச் சொல்லிவந்திருக்கின்றேன். காலத்தின் கேடு என்றும் சொல்லியிருக்கின்றேன். காற்றின்மேற் பழிசொல்வது எவர்க்கும் எளிது. அடுத்த திங்கட்கிழமை வெண்பாவின் இலக்கணத்தை முதலிலிருந்து, வேறொரு முறையிற் சொல்லிப் பார்ப்பதென முடிவு செய்துள்ளேன்.